ஒரே வேட்டி, இரண்டு வெள்ளை

கேள்வி: எனக்கு வயது 66. வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பார்வை தெளிவு. ஆனால் அந்தக் கண்ணால் பார்த்தால் வெள்ளை வேட்டி, சொட்டு நீலம் அதிகமாகிவிட்டதுபோல் தெரிகிறது. இடது கண்ணால் பார்த்தால் அதே வேட்டி பழுப்பு. வைத்த லென்ஸில் கோளாறா, மூளையில் ஏதாவதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டும் இல்லை. பழுப்பாகக் காட்டும் இடது கண்ணில்தான் விஷயம் இருக்கிறது.

வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சளேறும். மஞ்சளேறிய லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடும். விழித்திரைக்குப் போவது கொஞ்சம்தான். அங்கே நிறத்துக்கென்று மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. தனியாக எதற்கும் நிறம் தெரியாது. மூன்றும் அனுப்புவதை ஒப்பிட்டு, சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா என்று தராசில் வைப்பதுபோல் நிறுத்துப் பார்க்கும் வேலை விழித்திரையிலேயே தொடங்கிவிடும். மிச்சம் மூளையின் பின்பக்கத்தில்.

மூளை பழைய கணக்குப்பிள்ளை மாதிரி. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும் வேட்டி வெள்ளையாகத்தானே தெரிகிறது? வெளிச்சத்தின் மஞ்சளை மூளை கழித்துவிடுகிறது. உங்கள் லென்ஸ் மஞ்சளானபோதும் வருஷக்கணக்கில் அப்படித்தான் ஈடுகட்டி வந்தது. அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. இப்போது புது லென்ஸ் வழியாக நீலம் தாராளமாக வருகிறது. கணக்குப்பிள்ளையோ பழைய வழக்கப்படி இன்னும் நீலத்தைக் கூட்டியே எழுதுகிறார். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், சரியாகிவிடும். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனால் இந்த வித்தியாசம் போய்விடும். ஓவியர் மோனே 1923இல், 82 வயதில், வலது கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டு, நிறம் மாறித் தெரிகிறது என்று புலம்பித் தீர்த்தவர். நிறமே பிழைப்பானவருக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

அதுவரை கண்ணை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு நிறம் திடீரென வெளிறித் தெரிந்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ அது பார்வை நரம்பின் பிரச்சினையாக இருக்கலாம். ஆபரேஷன் செய்த கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினாலும் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.