குட்டையில் வந்த பச்சைக் களியைச் செம்மண் காட்டுக்கு அடிக்கலாமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். பண்ணைக்குட்டை வெட்டியதில் அடியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகக் களி வந்தது. நடுவே கண்ணாடித் தகடு போலப் பளபளக்கிறது. இது என்ன களி? ஏரி வண்டல் போல மேட்டுச் செம்மண்ணுக்கு அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனால் சோதிக்காமல் ஒரு டிராக்டர் லோடுகூட ஏற்றாதீர்கள். அது ஏரி வண்டல் இல்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு. நிலவியலாளர்கள் அந்தப் படிவுக்கு உங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடலில் படிந்தது என்பதால் உப்பு இருக்க வாய்ப்புண்டு.

பளபளக்கும் தகடு ஜிப்சமாக இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும், எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்காது. நுரைத்தால் சுண்ணாம்பு.

களியின் வகையைப் பார்க்க, நன்றாகக் காய்ந்ததைப் பொடித்துச் சலித்து, ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் சம எடை போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி விரியாது. தண்ணீர்ப் பாட்டிலில் படிவு, மண்ணெண்ணெய்ப் பாட்டிலில் உள்ளதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால், ஸ்மெக்டைட் என்ற விரியும் களி நிறைய இருக்கிறது என்று கொள்ளலாம். கரிசலை வெடிக்க வைப்பதும் அதுதான். ஈரத்தையும் சத்தையும் நன்றாகப் பிடித்து வைக்கும். உயரவே இல்லையென்றால் கயோலினைட் என்ற விரியாத வகையாக இருக்கலாம். அதை அடித்து டீசல் செலவுதான் மிச்சம். இல்லைட் என்ற மூன்றாவது வகை இரண்டுக்கும் நடுவில். மூன்றும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அறிய எக்ஸ் கதிர்ச் சோதனை தேவை, உங்களுக்கு அது வேண்டாம்.

அப்புறம் சோடியம். தகடு ஒட்டாத காய்ந்த துணுக்கு ஒன்றை மழைநீரில் போட்டு அசைக்காமல் வையுங்கள். உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. சுற்றிலும் பால் போலக் கலங்கினால் அது களர்த்தன்மை. செம்மண்ணில் போட்டால் மழைக்குப் பின் மேல்மண் இறுகிவிடும்.

தெளிவாக இருந்தாலும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், ஜிப்சம் இருந்தாலே சுமார் 2 டெசிசீமன்ஸ்/மீட்டர் வரை போகும், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் சதவீதத்தை (ESP) கேளுங்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால் களியைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். குறைவாக இருந்தால் முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்து, ஒரு மழைக்காலம் பாருங்கள். தகடுகளைப் பொறுக்கித் தூளாக்கினால் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடலாம்.