சம்பளத் துண்டோடு வாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. அறிவியல்நகர் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்து என்.வி.கியூ 4 (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுத்தேன். இரண்டு வருடமாகக் கிளிநொச்சியில் ஒரு கராச்சில் வேலை, வீட்டிலிருந்து போய்வருகிறேன். அடிப்படை 40,000, வரவுக் கொடுப்பனவு 5,000. இப்போது வவுனியாவில் ஒரு இடத்தில் 52,000 தருவதாகக் கூப்பிடுகிறார்கள். அதில் அடிப்படை 30,000, மிச்சம் கொடுப்பனவு. அறை வாடகை 9,000 போகும். அம்மா “இருக்கிற இடத்தில் இரு” என்கிறா. போகவா?
- வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, நீர் 52,000ஐப் பிரித்து எழுதியதே பெரிய உதவி. பலர் மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டு “போகவா” என்று கேட்பார்கள். சம்பளம் போடுகிற கதிரையில் கனகாலம் இருந்தவள் நான். எனக்கு முதலில் கண் போவது அடிப்படையில்தான்.

உம்முடைய முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்.) 3 வீதமும் தன் கையிலிருந்து கட்டவேண்டும். பல இடங்களில் அதை அடிப்படைக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். இப்போது உமக்காக மாதம் 6,000 போகிறது. வவுனியாவில் 4,500 ஆகிவிடும். மேலதிக நேர வேலைக்கான ஓ.ரி. காசும் பெரும்பாலும் அடிப்படையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பது. கொடுப்பனவு என்று தருவதை ஒரு மாதம் வேலை குறைந்தால் வெட்டுவது சுலபம். அடிப்படையில் கை வைக்க யோசிப்பார்கள்.

சேமலாப நிதிக்கு உம்முடைய அடிப்படையிலிருந்து போகும் 8 வீதம் கழித்தால் இப்போது கைக்கு 41,800. அங்கே 49,600. கூடுவது 7,800, அறைக்குப் போவது 9,000. சாப்பாட்டை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அப்படியானால் போகவேண்டாமா? அவசரப்படாதையும். வேலை தொடங்கிய முதல் நாலைந்து வருடத்தில் சம்பளம் நன்றாக ஏறுவது இடம் மாறும்போதுதான். உள்ளே இருக்கிற ஆளுக்கு முதலாளி பழைய சம்பளத்தின் மேல் கொஞ்சம் வைப்பார். வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது அந்த வேலைக்குச் சந்தையில் என்ன போகிறது என்று பார்ப்பார். நேற்று வந்தவர் பழைய ஆளைவிடக் கூட எடுக்கிற சம்பளப் பட்டியல்களை நானே எழுதியிருக்கிறேன். பழைய ஆள் வேலையில் குறைந்தவர் இல்லை, கேட்காமல் இருந்தவர்.

ஆகவே கேளும். மொத்தம் அதே 52,000 இருக்கட்டும், அடிப்படையை 42,000 ஆக்கி மிச்சத்தைக் கொடுப்பனவாகத் தாருங்கள் என்று சொல்லும். அவர்களுக்கு இதனால் கூடும் செலவு மாதம் 1,800 ரூபாய். அதற்கும் முகம் சுளித்தால் அவர்களின் குணம் உமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அங்கே என்ன வேலை என்று நீர் எழுதவில்லையே! ஸ்கானர் போட்டுப் பிழை பார்ப்பது, ஹைபிரிட் வாகனங்கள் என்று இங்கே கிடைக்காத வேலை கிடைக்குமென்றால், முதல் வருடம் கையைக் கடித்தாலும் போம். அடுத்த இடத்தில் உமக்கு விலை வைப்பது அந்த வேலைதான். இங்கே போலவே மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுவதுதான் என்றால் 52,000க்குப் பரந்தனை விடவேண்டாம்.

நியமனக் கடிதம் கையில் வராமல் இங்கே விலகல் கடிதம் கொடுக்கவேண்டாம். இல்லாத வேலையைச் சொல்லி இப்போதைய முதலாளியிடம் பேரம் பேசவும் வேண்டாம். கிளிநொச்சியில் ஒரு கராச்சில் தும்மினால் மற்றதில் கேட்கும். அம்மாவோடும் கோபிக்காதையும். இடம்பெயர்ந்து அலைந்து திரும்பிய சனத்துக்கு “இருக்கிற இடம்” சின்னச் சொத்தில்லை. கணக்கை எழுதி அவவுக்குக் காட்டும்.

கேள்வி: கணக்குப் பகுதியில் வேலை, 35 பேர் உள்ள நிறுவனம். நாலு வருடமும் மூன்று மாதமும் முடிந்தது. அடிப்படை 40,000. யாழ்ப்பாணத்தில் 15,000 கூடத் தருகிறார்கள், மாமி வீட்டில் தங்கலாம். கூட வேலை செய்பவர்கள் “ஐந்து வருடம் முடித்துப் பணிக்கொடையை எடுத்துக்கொண்டு போ” என்கிறார்கள்.
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அவர்கள் சொல்வது சட்டப்படி சரி. 15 பேரோ கூடவோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. உமக்கு 1,00,000 வரும். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் ஒன்பது மாதத்தில் நீர் விடுவது 1,35,000. போம், தங்கச்சி. கூடுவது 10,000 மட்டும் என்றால் இருந்து எடுத்துக்கொண்டு போ என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

கேள்வி: வேலை மாறினால் பழைய ஈ.பி.எஃப். காசு போய்விடுமா?
- வாசகர், மல்லாவி

பதில்: போகாது. உங்கள் பெயரிலேயே கிடந்து வருடாவருடம் வட்டி ஏறும். சாதாரணமாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். பழைய இடத்தின் பெயர், அங்கத்துவ இலக்கம் இரண்டையும் எழுதி வையுங்கள். அடையாள அட்டை இலக்கம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று விலகுவதற்கு முன்பே பாருங்கள். பிறகு திருத்த அலைய வேண்டிவரும்.