கேளுங்கள் சொல்கிறோம்: கார் ஷெட்டில் ஹாம் ரேடியோ

கேள்வி: காரை விற்றதிலிருந்து ஷெட் சும்மாவே கிடக்கிறது. தகரக் கூரை, இரும்பு ஷட்டர். அங்கே ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோ அலையில் மற்றவர்களோடு பேசுவது) நிலையம் வைக்கலாமா? ஆன்டெனாவையும் உள்ளேயே கட்டிவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ரேடியோவைத் தாராளமாக வையுங்கள். ஆனால் ஆன்டெனா வெளியே வந்துதான் ஆக வேண்டும், தகரத்துக்கு அடியில் கட்டினால் அலை வெளியே போகாது. காசு கையில் வந்ததும் எல்லாரும் முதலில் விலையுயர்ந்த ரேடியோ செட்டைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் ஆன்டெனா கம்பிதான் முக்கியம். ஹாம்கள் பேசும் 7.1 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு சாதாரண டைபோல் (இரு பக்கமும் சம நீளக் கம்பியுள்ள ஆன்டெனா) போதும்: பக்கத்துக்கு 10 மீட்டர் செம்புக் கம்பி, நடுவிலிருந்து ஷெட்டுக்கு கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் மாதிரி உறை போட்டது). மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு நடுப்பகுதியை அதில் ஏற்றி, இரண்டு முனைகளையும் சரிவாக இறக்கிக் கட்டுங்கள். முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டு, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனா அலைவரிசைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் கருவி) பார்த்துப் பார்த்து நறுக்குங்கள், கம்பி குட்டையாகிவிட்டால் ஒட்டுப் போட வேண்டியதுதான். பேசும்போது முனைகளில் வோல்டேஜ் ஏறும், அதனால் கைக்கு எட்டாத உயரம் வேண்டும். ஈபி கம்பி இருக்கும் பக்கமே போகாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, வெளியே இருக்கும் கனெக்டர்களை ரப்பர் டேப்பால் நன்றாகச் சுற்றிவிடுங்கள்.

100 வாட் செட் பேசும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வயர் தடிமனாக இருக்கட்டும். அப்புறம் ரேடியோவில் கேட்கும் இரைச்சல். செட்டை பேட்டரியில் ஓட்டிக்கொண்டே வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள், இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். மெயினை மறுபடி போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தால் எல்இடி பல்போ மொபைல் சார்ஜரோ மாட்டிக்கொள்ளும். ஐப்பசி இடிமழைக்கு முன்பே ஆன்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வருவதற்குள் செட்டை வாங்கி, கேட்க மட்டும் செய்யலாமா? (அதே வாசகர்)

பதில்: கூடாது. ஒலிபரப்பும் வசதியுள்ள செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். கேட்க மட்டும் என்றால், எஸ்எஸ்பி (ஹாம்கள் பேசும் முறை) வசதியுள்ள சிற்றலை ரிசீவர் ஒன்றை அதே டைபோலில் மாட்டிக் கேளுங்கள். 12 வயது நிறைந்த யாரும் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேதம்) கிடையாது, அதற்கு மேல்நிலையான ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதுங்கள், மோர்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.