பள்ளி தந்த லேப்டாப் வீட்டுக்குள் படமெடுத்தால் பெற்றோர் என்ன செய்ய முடியும்?

வழக்குப் போடலாம், அமெரிக்காவில் போட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி நிர்வாகம் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. காணாமல் போனால் கண்டுபிடிக்க என்று அதில் வைத்த மென்பொருள், வீட்டிலிருந்த பிள்ளைகளையே வெப்கேமில் படமெடுத்தது. ஒரு மாணவன் தன் அறையில் இருந்தபோது எடுத்த படத்தைப் பள்ளி நிர்வாகமே அவனிடம் காட்டிக் கேட்டபோதுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது! 2010 பிப்ரவரியில் வழக்கு. ஆயிரக்கணக்கான படங்கள் வெளிவந்தன. அக்டோபரில் 6,10,000 டாலருக்குச் சமரசம். அதில் பெரும்பகுதி வழக்கறிஞர்களுக்கு.

எல்லாப் பெற்றோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. தங்கள் வரிப்பணம் கரையுமே என்று சிலர் எதிர்த்தார்கள். அந்தக் கவலை புரிகிறது. ஆனாலும், அந்த ஒரு குடும்பம் நீதிமன்றம் போயிராவிட்டால் கேமரா இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்கும்? பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.