வரிசையை விட்டு ஓடுகிறவன்

கேள்வி: ஆசிரியர் அண்ணாச்சி, ‘300’, ‘ட்ராய்’, ‘கிளாடியேட்டர்’, ‘ரோம்’ தொடர் எல்லாம் பார்த்தாயிற்று. சிலவற்றை நாலு தடவை. பண்டைக்காலப் போரையும் வீரனையும் வெள்ளைக்காரன் எடுக்கிற மாதிரி நம்மாட்களுக்கு ஏன் எடுக்க வரவில்லை? நம்ம திருநெல்வேலிச் சீமையில் இல்லாத வீரமா? பணமும் கிராபிக்ஸும் இல்லாததுதான் காரணமா?

— பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பணம் வந்து ரொம்ப நாளாயிற்று. கிராபிக்ஸும் வந்துவிட்டது. திரை கொள்ளாத அளவுக்குப் படையை நிறுத்துகிறார்கள். அத்தனை பேரும் அங்கே என்ன செய்கிறார்கள் என்று கவனித்தீர்களா? கதாநாயகன் தங்களிடம் வந்து வெட்டுகிற வரைக்கும், பல் டாக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி, முறை வைத்துக் காத்திருக்கிறார்கள்.

நீங்கள் நாலு தடவை பார்த்த ‘ரோம்’ தொடரையே எடுத்துக்கொள்வோம். 2005இல் வந்தது. முதல் பகுதியின் ஆரம்பத்தில் பெரிய போர்க்களமெல்லாம் கிடையாது. நெருக்கி நிற்கும் ஒரு கேடய வரிசை, அவ்வளவுதான். அதிகாரி விசில் ஊதினால் முன்னால் நிற்பவன் பின்னுக்குப் போகிறான், அடுத்தவன் அந்த இடத்துக்கு வருகிறான். நம் ரேஷன் கடை வரிசை அவ்வளவு ஒழுங்காக நகர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் புல்லோ என்கிற முரட்டு ஆசாமி வரிசையை உடைத்துக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் பாய்ந்து தனியாளாகப் பின்னி எடுக்கிறான். நம் படமாக இருந்தால் அந்த இடத்தில் தியேட்டரில் காகிதம் கிழித்து எறிவார்கள். அங்கே அவனுக்குச் சாட்டையடி கிடைக்கிறது. வரிசையை விட்டுப் போனான் என்பதுதான் குற்றம்.

புல்லோவும், அவனோடு வரும் வோரெனஸும் பெயரளவில் கற்பனை இல்லை. இன்றைய பிரான்ஸ் பக்கம் நடந்த காலியப் போர் பற்றி, ரோமத் தளபதி சீசர் எழுதிய நூலின் ஐந்தாம் பகுதியில் இருவரும் வருகிறார்கள். அதிலும் ஒருவன் முந்திக்கொண்டு ஓடி மாட்டிக்கொள்கிறான், இன்னொருவன் போய்க் காப்பாற்றுகிறான். மற்றதெல்லாம் தொடர்க்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளர்த்துக்கொண்டது.

அதற்காக வெள்ளைக்காரன் எடுத்ததெல்லாம் உசத்தி என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம். ‘300’ ஒரு சித்திரக்கதையிலிருந்து பிறந்த படம். கி.மு. 480இல் தெர்மோபைலேக் கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து ஸ்பார்ட்டாக்காரர்கள் 300 பேர் நின்றது சரி. அவர்களோடு மற்ற கிரேக்க ஊர்க்காரர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எல்லாம் முடிந்துபோயிற்று என்று தெரிந்த கடைசி நாளில்கூட, தெஸ்பியாய் என்கிற சின்ன ஊரின் ஆட்கள் 700 பேர், போகமாட்டோம் என்று நின்று செத்தார்கள். படத்தின் தலைப்பில் அந்த 700 இல்லை. சின்ன ஊர்க்காரனான எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அப்புறம் அந்த வெற்று மார்பு! மூன்றடி அகலத்தில் ஏழு கிலோ கனமுள்ள கேடயத்தைத் தூக்கத் தெரிந்தவனுக்கு மேலுக்கு ஒரு கவசம் போடத் தெரியாதா? முதல் சண்டையில் கேடயத்தோடு கேடயம் சேர்த்து நெட்டித் தள்ளுகிற ஒரு நிமிஷம் அருமையாக இருக்கும். அதற்குள் இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. ராஜாவை வரிசையிலிருந்து வெளியே இழுத்துவந்து மெதுவாக ஓடவிடுகிறார். நோய் ஒன்றுதான் தம்பி, அங்கேயும் இங்கேயும்.

‘ட்ராய்’ படத்தில் பத்து வருஷ முற்றுகை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அந்த ஊர்ச் சந்தையில் தென் அமெரிக்காவின் லாமா வேறு நிற்கும். யார் ஓட்டிக்கொண்டு வந்தார்களோ. ‘கிளாடியேட்டர்’ படத்தில் ரோமச் சக்கரவர்த்தி கொமோடஸ் அரங்கத்து மணலில் சாகிறான். நிஜக் கொமோடஸை கி.பி. 192ஆம் வருஷத்தின் கடைசி நாளில் ஒரு மல்லன் குளியலறையில் கழுத்தை நெரித்துக் கொன்றான். ஆனாலும் அந்தப் படத்தின் ஆரம்பத்தில் வரும் காட்டுச் சண்டையை நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன், மறைப்பானேன்.

நம் பக்கம் வருவோம். 1988இலிருந்து 1990 வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் மகாபாரதம் ஓடியது. எங்கள் தெருவில் ஒரே ஒரு டிவி. யாருக்கும் இந்தி ஒரு எழுத்துத் தெரியாது. கதை தெரியும் என்பதால் மொழி வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்து அம்பும் அந்தப் பக்கத்து அம்பும் வானத்தில் பொறி பறக்க மோதும். போர் என்றால் இரண்டு பெரிய மனிதர்கள் தேரில் நின்றுகொண்டு செய்கிற காரியம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டோம். கீழே நடந்து வந்தவர்கள் அவ்வப்போது செத்தார்கள்.

அதற்கு முந்தி 1959இன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. என் பெரியப்பாவுக்கு வசனம் முழுக்க மனப்பாடம். ஜாக்சனைச் சந்திக்கும் கட்டத்தை அவர் ஆரம்பித்தால் இலையில் சோறு ஆறிப்போகும். சிவாஜியின் குரலைக் குறை சொன்னால் இந்த ஊரில் நான் குடியிருக்க முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் கட்டபொம்மனை நாம் காதால்தான் பார்த்திருக்கிறோம். போர்க்காட்சிகளை ராஜஸ்தானுக்குப் போய் எடுத்தார்கள். பஞ்சாலங்குறிச்சியோ மண்கோட்டை.

சரி, உங்களுக்குப் பண்டைக்காலம்தான் வேண்டும். கடிதத்தின் பின்பக்கத்தில் தெர்மோபைலேக் கணவாயைப் படம் போட்டே அனுப்பியிருக்கிறீர்கள். கடல் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி வேறு. திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போது ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு எந்தக் கைப்பக்கம் வரும் என்று கேட்டால் சொல்வீர்களா? நூறு வருஷத்துக்கு முன்னால் தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது, இறந்தவர்களைப் புதைத்த தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும் அம்புமுனைகளும் கிடைத்தன. அவர் ஒரு விஷயத்தைக் குறித்துவைத்தார். ஆயுதங்களெல்லாம் முனை கீழ்நோக்கி இருந்தன. வந்தவர்கள் தாழியைச் சுற்றி மண்ணில் குத்திவிட்டுப் போன மாதிரி. ஒரு படத்தின் முதல் காட்சிக்கு இது போதாதா? வசனமே வேண்டாம். பொருநைக் கரையில் பத்துப் பேர் வருகிறார்கள், குத்துகிறார்கள், திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். 2023இலிருந்து தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம்.

திரைக்கதைக்கும் பஞ்சமில்லை. நம் புறப்பொருள் இலக்கணம் போரை மாட்டிலிருந்து தொடங்குகிறது. வெட்சி என்றால் எதிரியின் மாட்டைப் பிடித்து வருவது, கரந்தை அதை மீட்பது. வஞ்சி படையெடுப்பு, உழிஞை கோட்டையை வளைப்பது, நொச்சி உள்ளிருந்து காப்பது, பிறகு நேருக்கு நேர் மோதும் தும்பை, வெற்றி கொண்டாடும் வாகை. இடைவேளையை எங்கே வைக்கலாம் என்பதுவரை அதில் இருக்கிறது. நம் படங்கள் மட்டும் நேராகத் தும்பையில் குதிக்கின்றன. பிடிபட்ட மாடுகளை ராத்திரியில் சத்தமில்லாமல் ஓட்டிவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று மாடு வைத்திருக்கும் யாரிடமாவது கேளுங்கள். அதை ஒழுங்காக எடுத்தாலே அரை மணி நேரம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம்.

‘இல்லாத வீரமா’ என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிடுவதோடு எல்லாரும் படத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கப்புறம்தான் படம் தொடங்குகிறது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையை உடைத்துக்கொண்டு கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை கிளம்புகிறார். அந்த மாலையில் கும்பினி அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு வாரத்தில் படையோடு போன மெக்காலே எதிரே கண்டது புது மதில். ஊரே சேர்ந்து மண் சுமந்து எழுப்பிவிட்டது. அவர் பாளையங்கோட்டைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

மார்ச் 31 அன்று பீரங்கியோடு வந்து தாக்கினார்கள், தோற்றார்கள். மே 24இல்தான் கோட்டை விழுந்தது. அங்கே சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அளவு கொடுத்திருக்கிறார்: ஒரு பக்கம் ஐந்நூறு அடி, மறு பக்கம் முந்நூறு அடி, மதில் பன்னிரண்டு அடி உயரம், எல்லாம் ஒட்டிக்கொள்ளும் மண். நம் படக் கோட்டைகளின் வாசல் கதவே இதைவிட உயரம். பீரங்கி திறந்த உடைப்பில் ஏறியவர்களைத் தடுத்தது சுமார் 18 அடி நீள ஈட்டி. அலெக்சாண்டரின் மாசிடோனியக் காலாட்கள் பிடித்த ஈட்டியும் ஏறத்தாழ இதே நீளம்தான். அவ்வளவு நீளமான கம்பை வைத்துக்கொண்டு தனியாள் ஒன்றும் செய்ய முடியாது, திரும்பக்கூட முடியாது. பக்கத்தில் இன்னொரு ஈட்டி வேண்டும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அங்கே நின்றவர்களின் பெயர் நமக்கு வரவில்லை. போஸ்டரில் போட முகம் இல்லை, சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. அதனாலேயே படமும் இல்லை.

வெல்ஷ் சொல்லும் இன்னொன்றையும் கேளுங்கள். கோட்டை விழுந்த பிறகு பெண்கள் களத்தில் தங்கள் ஆட்களைத் தேடி வருகிறார்கள். ஒருத்தி மகனைக் காண்கிறாள், உயிர் இருக்கிறது. அவன், என்னை விடு, இங்கே சாமி கிடக்கிறார், அவரைத் தூக்கு என்கிறான். ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில், கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் வருகிறார்கள். பெண்கள் அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்று கேட்டதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். வாள் இல்லை, குதிரை இல்லை, கிராபிக்ஸ் சுத்தமாக இல்லை. நாலு பெண்கள், ஒரு வேட்டி. இந்தக் காட்சியை எடுப்பதற்கு எந்த இயக்குநருக்கு எத்தனை கோடி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

மற்றபடி, படம் எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் விண்ணப்பம் எழுதப்போவதில்லை. ஐப்பசியில் நாலு நாள் மழை விட்டதும் ஒட்டப்பிடாரம் பஸ் ஏறுங்கள். பஞ்சாலங்குறிச்சியில் 1974இல் கட்டிய நினைவுக்கோட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கரிசல் காட்டில் செருப்போடு பத்து எட்டு நடந்து பாருங்கள். செருப்பு கையில் வரும் தம்பி, காலில் வராது. அந்த மண்ணில்தான் மதில் எழுப்பியிருந்தார்கள்.