ஹெச்பி ஏ2 ஏன் இப்படி வந்தது? மும்பை வாசகர்களின் கேள்விகள்

மாட்டுங்காவிலிருந்து: 9 வாரக் கர்ப்பம். ஹெச்பி ஏ2 அளவு 3.6. லேபில் ‘பார்டர்லைன்’ என்கிறார்கள். நான் தலசீமியா கேரியரா?

இந்த ஒரு எண்ணை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹெச்பி ஏ2 என்பது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் ஒரு சிறு வகை. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்களுக்கு, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுப் பழுதை மட்டும் சுமப்பவர்களுக்கு, அது பெரும்பாலும் 4 சதவீதத்தைத் தாண்டும். 3.3 முதல் 3.9 வரைதான் குழப்பம். பி12 குறைந்தால் ஏ2 கொஞ்சம் ஏறும். இரும்புச்சத்து குறைந்தால் இறங்கும், நிஜமான கேரியர்கூட அதில் மறைந்துபோகலாம்.

மரபணுக் காரணங்களும் உண்டு. பீட்டா மரபணுவில் ‘கேப்+1’ என்றொரு லேசான பிறழ்வு. அது இருப்பவருக்குச் சிவப்பணுவின் அளவுகூட ஏறக்குறைய சரியாக இருப்பதால் சுலபமாகத் தப்பிவிடும். 19-ஆம் குரோமோசோமில் உள்ள கேஎல்எஃப்1 மரபணு மாறினாலும் ஏ2 இப்படி ஏறும், பீட்டா மரபணு நன்றாகவே இருந்தாலும்.

ஆனால் உங்களுக்கு இப்போது நேரம்தான் முக்கியம். பி12 மாத்திரை போட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இருவருமே கேரியர் என்றால்தான் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம்; அதனால் நாளைக்கே கணவரின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அவர் கேரியர் என்றால் இருவருக்கும் உடனே மரபணுப் பரிசோதனை வேண்டும். குழந்தைக்கு நோய் உண்டா என்று 11 வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க அவகாசம் இருக்கிறது. பரேலில் கே.இ.எம். வளாகத்திலுள்ள தேசிய இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனத்தில் இதற்கான பரிசோதனைகள் செய்கிறார்கள்.

செம்பூர்: எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 71 என்று குறைந்திருக்கிறது, ஏ2 2.5. இரும்புச்சத்து சரியாக இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

ஆல்ஃபா மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கலாம், அதில் ஏ2 ஏறாது. அபூர்வமாக, பீட்டா கேரியருக்கே ஏ2-வை உருவாக்க உதவும் டெல்டா மரபணுவிலும் பழுது இருந்தால் ஏ2 சாதாரணமாகக் காட்டும். துணைவர் பீட்டா கேரியர் என்றால் இதை அவசியம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தாராவி: என் மனைவி அசாம்காரி. அவளுக்கு ஏ2 28 என்று வந்திருக்கிறது!

பயப்படாதீர்கள். ஏ2 அவ்வளவு உயராது; அது அநேகமாக ஹீமோகுளோபின் ஈ என்ற மரபணு மாற்றத்தால் வரும் வேறொரு வகை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். வடகிழக்கிலும் வங்காளத்திலும் ஈ சகஜம், தனியாக இருந்தால் தொல்லையில்லை. ஆனால் நீங்கள் பீட்டா கேரியராக இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். அப்புறம் என்ன, இனி உங்கள் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சயன்: மகன் கேரியர். அத்தை மகளைப் பேசி வைத்திருக்கிறோம். இது சிந்திக்காரர்களுக்கு வருவதுதானே?

அவர்களிடம் அதிகம், நம்மிடமும் உண்டு. மகனுக்கு இது அப்பா வழி வந்திருந்தால், அதே பழுது அத்தை மகளிடமும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அந்தப் பெண்ணுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.