ஆக்கர் இல்லாத பம்பரம்

வணக்கம் சார்,

கோயில் கொடைக் கடையில் என் மகனுக்கு ஒரு பம்பரம் வாங்கிக் கொடுத்தேன். பத்து வயது. அவனுக்குப் பம்பரம் என்றால் சுவரில் வரைகிற தேர்தல் சின்னம்தான். விடச் சொல்லித் தரலாம் என்றிருக்கிறேன். ஆனால் தோற்றவன் பம்பரத்தில் ஆணியால் குத்தி ஆக்கர் என்று குழி வைப்பதெல்லாம் வேண்டாம், சுற்றவிட்டால் போதாதா? இன்னொருத்தன் பொருளைக் குத்திப் பிளந்து சந்தோஷப்படுவது என்ன விளையாட்டு?

ஆர்., கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.,

போதாது. ஆக்கரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பொம்மை, இரண்டு நாளில் பரணுக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்து ஆட்டம் இப்படி. வட்டம் போட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் விடுவோம், சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாட்டையை, அதாவது பம்பரக் கயிற்றை, ஆணியில் கொடுத்துச் சுண்டி மேலே எழுப்பிக் கையில் பிடிக்க வேண்டும், அதுதான் அபீட். பிடிக்க முடியாதவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க, மற்றவர்கள் குறிபார்த்துக் குத்துவார்கள். குத்த வந்தவன் பம்பரம் சுற்றாமல் மட்டையானால் அதுவும் உள்ளே போகும். அடிக்கிறவனும் ஒவ்வொரு முறையும் தன்னுடையதைப் பணயம் வைத்துத்தான் அடிக்கிறான். நீங்கள் சொல்லும் கொடுமை எனக்கு இதில் தெரியவில்லை.

அந்தப் பயம் இருந்தால்தான் கை ஒழுங்காகப் பழகும். சாட்டையை லேசாக நனைத்து, ஆணியை ஒட்டி இறுக்கமாக ஆரம்பித்து, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் வரிவரியாக மேலே கொண்டுவர வேண்டும். ஏறினால் கயிறு சிக்கி பம்பரம் நம் முட்டிக்கே திரும்பும். மறுமுனையில் சோடா மூடியைக் கோத்து விரலிடுக்கில் பிடித்துக்கொள்வோம். வீசுகிற வேகம் அவ்வளவு முக்கியமில்லை, கயிறு பிரிந்து முடிகிற நேரத்தில் கையைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கிறோமே, அதில்தான் எல்லாம்.

ஆக்கர் ஆழமாக விழட்டும் என்று பையன்கள் ஆணியைக் கல்லில் தேய்ப்பார்கள். தடுத்துவிடுங்கள், இரக்கத்துக்காக இல்லை. சாய்ந்து விழுந்த பம்பரத்தை நிமிர்த்துவது ஆணியின் மழுங்கிய முனை தரையில் உரசி வழுக்கும் உராய்வுதான். ஊசிமுனைக்கு அது கிடைக்காது, ஒரே இடத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு சாய்ந்தே சுற்றும். மழுங்கிய ஆணி நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல் தூங்கும்.

பையனிடம் பேபிளேடு என்ற பொம்மைப் பம்பரம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எதிராளியை மோதி வெளியே தள்ளுவதுதான் அதிலும் ஆட்டம். 1999ல் ஜப்பானில் டகாரா நிறுவனம் அதை விற்க ஆரம்பித்தது, அதற்கு மூலமே பெய்கோமா என்ற அவர்கள் ஊர்ப் பழைய பம்பரம். மோதலை எடுத்துவிட்டா விற்றார்கள்?

சின்னம் என்றீர்களே, 2024 மக்களவைத் தேர்தலில் மதிமுகவுக்கே பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டியில் நின்று திருச்சியில் ஜெயித்தார்கள். சுவரில் பார்ப்பதும் இனி சந்தேகம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். மரப் பம்பரமாக வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் ஆணி இறங்காமல் சறுக்கும். மொட்டை மாடி வேண்டாம், இறுகிய மண் தரையாகப் பாருங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், குத்துகிறவனுக்கு எதிரே யாரையும் நிற்கவிடாதீர்கள். அப்புறம், முதல் ஆட்டத்தில் வட்டத்துக்குள் உங்கள் பம்பரத்தையே வையுங்கள். அவன் நாலு ஆக்கர் வைத்துப் பழகட்டும், அடுத்து அவன் முறை.